வரைபடத்தில் வந்த குளம்

எங்கள் சந்தில் முப்பத்தொரு வீடும் இரண்டு வளைவும் ஒரு தெருவிளக்கும் உண்டு. அரசாங்கக் கணக்கில் மட்டும் சந்து கிடையாது. குழாய் கேட்டுப் போனால் குடிநீர் அலுவலக மேலாளர், "படத்துல இல்லாத சந்துக்கு எப்படிங்க குழாய் போடுறது?" என்பார். என் வீட்டுக்காரி மெயின் ரோட்டிலிருந்து தினம் பன்னிரண்டு குடம் சுமக்கிறாள். இடுப்பு போயே போய்விட்டது. தைலம் தேய்க்கிறவன் நான்தானே, எனக்குத் தெரியாதா?

அப்போதுதான் எல்லாரையும் ஒரு மோகம் பிடித்து ஆட்டியது. பொதுமக்களே சேர்ந்து வரைகிற வரைபடம்! யாரும் போனில் வரையலாம், யாரும் காசில்லாமல் பார்க்கலாம். முடிவெட்டுகிறவர் தன் கடை பெஞ்சைக்கூட ஏற்றிவிட்டார். மிக்ஸி ரிப்பேர்காரன் நான் மட்டும் இளைத்தவனா? வானத்திலிருந்து எடுத்த படத்தின்மேல் விரலை இழுத்து இழுத்து, மூன்று நாளில் சந்து முழுவதையும் வரைந்துவிட்டேன். என் வீட்டுக்குப் பின்னால் காலிமனையில் நீலமாக ஏதோ தெரிந்தது. குளம் என்று போட்டேன்.

எங்கிருந்தோ ஒரு வரைபடக்காரர், "நேரில் பார்த்தீர்களா?" என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் வீட்டுக் கொல்லைப்புறம் எனக்குத் தெரியாதா?" என்று பதில் போட்டேன். ஜன்னலைத் திறந்திருந்தால், எங்கள் சந்து லாரிக்காரர் காயப்போட்ட நீலத் தார்ப்பாய் தெரிந்திருக்கும்.

சோம்பேறித்தனமோ சிக்கனமோ, அலுவலகம் அந்தப் பொது வரைபடத்தையே தன் அதிகாரபூர்வ வரைபடமாக ஏற்றுக்கொண்டது. நான் இனிப்புப் பொட்டலத்தோடு ஓடினேன்.

"உங்க சந்து வந்துடுச்சே!" என்றார் மேலாளர்.

"அப்போ குழாய் சார்?"

"கொல்லையில குளத்தை வச்சுக்கிட்டு குழாய் கேக்குறீங்களே, நியாயமா?"

"ஐயோ, அது தார்ப்பாய் சார்!"

"படத்துல தார்ப்பாய்னு போடலையே."

அன்றே குளத்தை அழித்தேன். நாலாம் நாள் நோட்டீஸ் வந்தது. 'மேற்படி நபர் பொது நீர்நிலை ஒன்றை ஒரே மாலையில் சுவடின்றி அழித்தமை கவனத்துக்கு வந்துள்ளது. முப்பது நாளில் மீட்கத் தவறினால் வழக்கு.'

வேறு வழி? சந்தே திரண்டு குழி வெட்டியது. லாரிக்காரர் பெரிய மனதோடு அதே தார்ப்பாயை அடியில் விரித்தார். பார்வையிட வந்த மேலாளர் மனம் உருகி, "நீர்நிலை வறண்டு கிடக்கலாமா?" என்று வாரம் இரண்டு லாரித் தண்ணீர் ஒதுக்கினார். யாரும் மொண்டுவிடாதபடி காவலுக்கு ஓர் ஆளும் போட்டார்.

வெறுங்குடத்தோடு நின்று பார்த்த என் வீட்டுக்காரிக்கு வயிறு எரிந்தது. "ஏங்க, நம்ம வீட்டையும் குளம்னு போட்டுத் தொலைங்களேன். வாசலுக்கே தண்ணி வரும்."

கோபத்தில்தான் சொன்னாள். நான் போட்டுவிட்டேன். மறுவாரம் லாரி வாசலில் நின்றது! தொட்டி, அண்டா, வாளி எல்லாம் வழிந்தன. அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று! அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? பத்தே நாளில் முப்பத்தொரு வீடும் குளமாகிவிட்டது.

நேற்று மேலாளர் கையில் படத்தோடும் முப்பத்தொரு நோட்டீஸோடும் வந்து இறங்கினார்.

"நீர்நிலைக்குள்ள குடியிருக்கிறது பெரிய குற்றம். பதினஞ்சு நாள்ல எல்லாரும் காலி பண்ணணும்."

"வீட்டுக்குள்ளதானே சார் நிக்கிறோம்?" என்றேன்.

"நீங்க நிக்கிறது குளத்துல. வேணும்னா படத்தைப் பாருங்க."

சந்தே கூச்சல் போட்டது. என் வீட்டுக்காரி மட்டும் பதறாமல் என் போனை வாங்கி அவர் முன்னால் பணிவாக நீட்டினாள்.

"இதுல உங்க ஆபீஸ் எங்க சார் இருக்கு?"

அவர் பெருமையாகக் குனிந்து விரல் வைத்துக் காட்டினார். அவள் அந்த விரலைச் சுற்றி ஒரு நீலக் கோடு இழுத்தாள்.