ஆயிரத்து இருநூறு வருஷக் காரை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் இங்கே கூடத்தில் நலம். அங்கே உன் அறையில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நேரில் கேட்கலாம் என்றால் இடையில் பன்னிரண்டு அடித் தூரமும் ஒரு தாழ்ப்பாளும் இருக்கின்றன. அதனால் கடிதமாக எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். இரண்டு தாளுக்கு மேல் போனால் இடுக்கில் நுழையாது, ஆகவே சுருக்கமாக எழுதப் பார்க்கிறேன்.

நீ என்னோடு பேசி மூன்று நாள் ஆகிறது. உன் அம்மா பேசுகிறாள், ஆனால் ஒரே ஒரு வாக்கியம்தான். "கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா உங்களுக்கு?" காலையில் காப்பி டம்ளரை வைக்கும்போதும் அதுதான், செய்தித்தாளை என் மடியில் போடும்போதும் அதுதான். கேள்வி நியாயமானது. பதில், தெரியாது என்பதுதான்.

நடந்ததை என் வாயால் நீ இன்னும் கேட்கவில்லை. அன்றைக்கு நீ மூக்குக்கண்ணாடியைக் குளியலறையில் மறந்துவிட்டுப் போனாய், கண்ணாடி இல்லாமல் பிள்ளை என்ன செய்யும் என்று எடுத்துக்கொண்டு உன் தொல்லியல் ஆய்வுக்கூடத்துக்கு ஓடிவந்தேன், நீ பேராசிரியையோடு ஏதோ கூட்டத்தில் இருந்தாய், உதவியாளர் "உக்காருங்க சார், இப்ப வந்துடுவாங்க" என்று ஒரு முக்காலியைக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எதிரே மேசையில் கறுப்புத் துணிமேல் ஒருத்தி முழுதும் எலும்பாகப் படுத்திருந்தாள். 'பெண், வயது முப்பதுக்குள்' என்று சீட்டில் உன் கையெழுத்து. முதுகெலும்பைப் பார்த்தேனா, விலாவைப் பார்த்தேனா? இல்லை, வாயைத்தான் பார்த்தேன். ஐயோ, என்ன வாய் அது! இருபத்துநாலு பல், இருபத்துநாலிலும் கல்லாய் இறுகிய அழுக்கு, காரை, கீழ் முன்பற்களுக்குப் பின்னால் சுவரே எழுப்பி வைத்திருந்தாள். முப்பது வயதுப் பெண் இப்படியா பல்லை வைத்துக்கொள்வது என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. பக்கத்துத் தட்டில் பார்த்தால் நான் முப்பத்தெட்டு வருஷம் பிடித்த அதே வளைந்த சுரண்டி, புதுக் கையுறை, முகக்கவசம், சதுரம் சதுரமாக வெட்டிவைத்த அலுமினியத் தாள். நான் பல் கிளினிக்கை மூடிப் பதினோரு மாதம் ஆகிறது, பாப்பா. பதினோரு மாதமாக யாரும் என் எதிரில் வாயைத் திறக்கவில்லை.

முக்கால் மணி நேரம் உட்கார்ந்து அத்தனையையும் சுரண்டி எடுத்தேன். ஒரு பல்லிலும் கீறல் இல்லை, அதற்கு நான் உத்தரவாதம். பழக்கதோஷத்தில் "வாய நல்லாத் திறங்கம்மா" என்றுகூடச் சொன்னேன். என் நோயாளிகளில் அவளைப்போல் ஒத்துழைத்தவர் யாருமில்லை. மற்றவர்களுக்குக் கண்ணாடியைக் காட்டுவேன், சுரண்டி எடுத்ததையும் காட்டி "இதத்தான் இத்தன நாளா வாயில வச்சிருந்தீங்க" என்று திட்டுவேன். இவளைத் திட்ட மனம் வரவில்லை. ஈரப் பஞ்சால் துடைத்து முடித்தபோது நீ உள்ளே வந்தாய்.

நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும். மூன்று நாளாக எனக்கும் வேறெதுவும் நினைவில் இல்லை. "பாத்தியா, ஒரு துளி விடல, எல்லாம் போயிடுச்சு" என்றேன். நீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

"அப்பா, அந்தக் காரைதான்பா என் ரெண்டு வருஷம். அவ முதுகெலும்பு இடிஞ்சு வளைஞ்சிருக்கு, காசநோயா இருக்கும்னு சந்தேகம். அவ இருமி இருமி வாய்க்கு வந்த கிருமியோட தடயம் அதுக்குள்ளதான் கெட்டியாகி இருந்துச்சு. நாளைக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பறதா இருந்தோம்ப்பா."

உன் பேராசிரியை என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "மண்ணு விட்டு வச்சுது, மழை விட்டு வச்சுது, ஆயிரத்து இருநூறு வருஷமா கரையான்கூட விட்டு வச்சுது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். அதற்குள் நீ குப்பைக்கூடையைக் கவிழ்த்தாய். உதவியாளரும் நீயும் ஒரு மணி நேரம் சல்லடை போட்டுத் தேடினீர்கள், நான் டார்ச் பிடித்தேன். கிடைத்தது பஞ்சு, நாலு டீ கப், என் பேருந்துச் சீட்டு.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அவளுக்குப் பல் போகவில்லை, நான் சொல்லை மட்டும் பிடுங்கிவிட்டேன். அவள் இத்தனை காலம் காத்திருந்து உன்னிடம் சொல்ல வந்த ஒரே செய்தியை, சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று துடைத்துவிட்டேன். வருஷக் கடைசியில் நீ ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். எதை வைத்துக் கொடுப்பாய்?

ஆனால் இதைவிட ஒன்று அதிகமாக உறுத்துகிறது. போன வருஷம் சாப்பிடும்போது நீ இதையெல்லாம் எனக்குச் சொன்னாய். செத்தவர்களின் பல் காரைக்குள் அவர்கள் தின்றது, மூச்சுவிட்டது, இருமியது எல்லாம் இருக்கிறது என்று அரைமணி நேரம், தட்டில் கை காய்ந்துபோக, கண் பளபளக்கச் சொன்னாய். முடித்ததும் நான் சொன்னது, "கீழ்ப் பல்லுல ஏதோ ஒட்டியிருக்கு பாரு." நீ எழுந்து கை கழுவப் போனாய். அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை. நீ பேசும்போதெல்லாம் நான் உன் பல்லைத்தான் பார்த்திருக்கிறேன் பாப்பா, பேச்சைக் கேட்டதில்லை. என் கிளினிக்கில் உனக்கென்று இன்னொரு நாற்காலி வாங்கிப்போட்டு, நீ அதன் பக்கத்தில் வந்து நிற்கவில்லை என்று நாலு வருஷம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன் நான். அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், அந்த மேசைமுன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை. வேண்டுமானால் பல்கலைக்கழகத்துக்கு நானே எழுதித் தருகிறேன், குற்றவாளி நான்தான் என்று. இனி உன் ஆய்வுக்கூடம் இருக்கும் தெருவில்கூட நடக்க மாட்டேன். கண்ணாடியை நீ எங்கே மறந்தாலும் அது அங்கேயே கிடக்கட்டும். அம்மா வைத்துவிட்டுப் போகும் சாப்பாட்டை மட்டும் மிச்சம் வைக்காதே. நீ நினைத்தது நடக்க என் ஆசி எப்போதும் உன்னோடு உண்டு, என் கை மட்டும் இனி உன் பக்கம் வராது.

இப்படிக்கு,
வாயடைத்துப்போன உன் அப்பா.

பி.கு.: தாளை மடித்துக் கதவடியில் தள்ளக் குனிந்தேன், உன் அம்மா கூப்பிட்டாள். அன்றைக்கு நான் போட்டிருந்த சட்டை மூன்று நாளாகக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது, என் கண்ணில் படக்கூடாது என்று நான்தான் அங்கே மாட்டியிருந்தேன். துவைக்க எடுத்தவள், "பையில என்னங்க இது, சரசரன்னு?" என்றாள். அலுமினியத் தாள். இருபத்துநாலு பொட்டலம். ஒவ்வொன்றின் மேலும் பல்லின் எண், என் கையெழுத்தில். கிளினிக்கில் சுரண்டிய காரையைப் பல்வாரியாகத் தாளில் மடித்து எண் போட்டு, நோயாளிக்குக் காட்டிவிட்டு நர்ஸிடம் நீட்டுவேன், அவர் வாங்கிக் குப்பையில் போடுவார். அங்கே நர்ஸ் இல்லை, கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிருக்கிறது. இதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் உனக்கு டார்ச் பிடித்திருக்கிறேன். மேலே எழுதியதில் போன வருஷச் சாப்பாட்டுப் பத்தியையும் ஆசியையும் மட்டும் வைத்துக்கொள், மற்றதைக் கிழித்துப்போடு. ஒன்றையும் நான் பிரிக்கவில்லை. உன் அம்மா சட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உன் கதவுமுன் மூச்சைப் பிடித்து நிற்கிறாள். சீக்கிரம் கதவைத் திற. இல்லை, இரு. முதலில் கையுறையைப் போட்டுக்கொள், பிறகு திற.