வேப்பநீர்ச் சோதனை

வெண்மலை நாட்டில் காலை ஏழு மணிக்கு விளக்கு ஏற்றுவார்கள். கல் அரைக்கும் கொட்டகைகளின் தூசி சூரியனை மறைத்திருந்தது.

தொழிலாளர்கள் இருமி இருமிச் செத்தார்கள். அரசர் இரங்கிச் சட்டம் போட்டார். முகமூடி இல்லாமல் யாரும் கொட்டகைக்குள் போகக்கூடாது. அது முகத்தில் பொருந்துகிறது என்று ஒவ்வொருவருக்கும் முதலாளி சான்று வைத்திருக்க வேண்டும். சோதனை எளியது. முகமூடி அணிந்தவர் முன் அதிகாரி வேப்பநீர் தெளிப்பார். நாக்கில் கசந்தால் முகமூடியில் இடைவெளி இருக்கிறது.

முதல் நாள் எல்லாருக்கும் கசந்தது.

முதலாளிகள் அமைச்சரிடம் முறையிட்டார்கள்.

"முகமூடிகள் அரசரின் திருமுகத்துக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டவை. அவற்றில் குறை இருக்க முடியாது. குறை முகங்களில் உள்ளது" என்றார் அமைச்சர்.

கசக்கிறது என்றவர்கள் முகம் திருத்தும் இல்லத்துக்கு அனுப்பப்பட்டார்கள். ஒருவரும் திரும்பவில்லை. பிறகு யாருக்கும் கசக்கவில்லை. முதலாளிகளின் அலமாரிகளில் சான்றுகள் நிறைந்தன. சான்று பெற்றவர் இருமினால் அது அரசைப் பொய்யாக்கும் குற்றம் என்று அடுத்த ஆணை வந்தது. மக்கள் தலையணைக்குள் இருமினார்கள்.

பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை வைக்கும்போது தேனுக்குப் பதிலாக வேப்பஞ்சாறு தொட்டு வைக்கும் வழக்கம் அப்போது வந்தது. நாக்கு சீக்கிரம் பழக வேண்டும்.

கல் சுமக்கும் பொன்னுருவி தன் மகளுக்குத் தேன் வைத்தாள். கணவன் மாறனுக்கே பிறகுதான் தெரிந்தது.

"ஏன்டி இப்படிப் பண்ணின?"

"பச்சப் புள்ள. ஒரு தடவையாவது இனிக்கட்டும்னு நெனச்சேன்."

"மெதுவாப் பேசு. வேப்பஞ்சாறுதான் வச்சோம். யார் கேட்டாலும் அதையே சொல்லு."

கடைசி ஆணை மழைக்கு முன் வந்தது. சான்றுகள் அனைத்தும் சரியாக இருப்பதால் இனி முகமூடி வேண்டாம். சோதனை மட்டும் தொடரும். தூசி ஊருக்குள்ளும் வந்துவிட்டதால் ஊரார் எல்லாருக்கும், கைக்குழந்தைகள் உட்பட.

கொட்டகை வாசலில் வெறும் முகங்களோடு வரிசை நின்றது.

"என்னண்ணே, நகரவே மாட்டேங்குது?" என்றான் பின்னால் ஒருவன்.

"இருடா. கசக்காம இருக்க நேரமாகும்ல."



அதிகாரி மாறனின் வாயில் தெளித்தார். "மாட்சிமை தங்கிய அரசரின் பெயரால் கேட்கிறேன். கசக்கிறதா?"

மாறனின் கழுத்து நரம்புகள் புடைத்தன. இருமலை விழுங்கினான்.

"இல்லீங்கய்யா."

பொன்னுருவியும் அதையே சொன்னாள். அதிகாரி அவள் இடுப்பிலிருந்த குழந்தையின் உதட்டில் ஒரு சொட்டு விட்டார்.

குழந்தை முகத்தைச் சுளித்துத் துப்பியது. பிறகு வீறிட்டது.

வரிசையில் முன்னே சொட்டு வாங்கிய குழந்தைகள் அழாமல் பார்த்தன. பொன்னுருவி குழந்தையின் வாயைத் தன் தோளில் அழுத்தினாள். மாறன் தரையைப் பார்த்தான். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அவர் குரல் கனிவாக இருந்தது.

"எல்லாப் புள்ளைங்களும் சும்மா இருக்கு. உன் புள்ள மட்டும் ஏம்மா அழுவுது?"