பின்னுக்கு நின்ற தம்பி

"அழிக்க ஏலாது வாப்பா. சாச்சா போனால் ரெண்டு டொக்டரும் போயிருவாங்க."

ஆளுக்கொரு போட்டோவும் இடையில் கோடுகளுமாய் லெப்டொப்பில் விரிந்திருந்த குடும்ப வலைப்படத்தை அபூதாஹிர் முறைத்தார். படத்தை வரைந்தவள் மகள் றுமானா. அவளைப் பெண் கேட்டு அன்று அசர் தொழுகைக்குப் பிறகு திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்கு ஆட்கள் வருகிறார்கள். வம்சத்தை டீவியில் காட்டியே சம்பந்தத்தை முடித்துவிடலாம் என்பது ஓய்வுபெற்ற அதிபரான அவருடைய திட்டம்.

ஹாஜியார் மூவர், காதியார் ஒருவர், டொக்டர் இருவர். அத்தனை பேருக்கும் நட்டநடுவில் அபூதாஹிரின் தம்பி, றுமானாவின் சாச்சா, அஸீம். திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கொத்துரொட்டி போடுகிறவன். டொக்டர்கள் இருவரும் அவனுடைய மருமகன்மார்.

"அப்ப மூலைக்குத் தள்ளு."

தள்ளினாள். அஸீமின் கோடுகள் படத்தைக் குறுக்கறுத்து ஓடி, ஹாஜியார்களின் தாடிகளில் ஏறின. மூவரும் வலையில் பட்ட சூடை மீன்களாய்க் கிடந்தார்கள்.

"மரியாதை தெரியாத கோடு."

"தட்டைப் படத்தில ஒருத்தரையும் ஒளிக்க ஏலாது வாப்பா. முப்பரிமாணத்தில போட்டால், முன்னுக்கு நிக்கிறவர் பின்னுக்கு நிக்கிறவரை மறைப்பார்."

"முன்னுக்கு நான் நிக்கிறன்."

நின்றார். கோட்டுப் போட்டுத் தொப்பி வைத்த அவர் போட்டோ பூசணிக்காயளவு எழுந்தது. அதற்குப் பின்னால் அஸீம் இருந்த தடமே இல்லை. அபூதாஹிருக்கு முப்பரிமாணத்தின் மீது பெருமதிப்பு உண்டாயிற்று.

"இண்டைக்கு ஆக்கள் வாறதைச் சாச்சாவுக்குச் சொன்னீங்களா?"

"சொன்னால் வந்திருவானே."

வந்தவர்கள் வட்டிலப்பத்தோடு வம்சத்தையும் பார்த்தார்கள். அபூதாஹிர் ஒவ்வொரு ஹாஜியாராக விளக்கினார். தாயோடு வந்திருந்த, மாப்பிள்ளையின் மூத்த சகோதரி அசனா லெப்டொப்பை எட்டிப் பார்த்தாள்.

"இதைத் திருப்பவும் ஏலுமா?"

கேட்டுக்கொண்டே மவுஸை இழுத்தாள். வம்சம் சுழன்றது. பின்னால் நின்றவன் முன்னால் வந்தான். கிட்ட வந்ததால் பெரிதானான். இரண்டு கைகளிலும் ரொட்டி கொத்தும் தகடுகளோடு அஸீம் டீவியை நிறைத்துச் சிரித்தான். அபூதாஹிர் வெகுதூரத்தில் மிளகளவில் நின்றார்.

அவர் மவுஸைப் பறித்து இழுத்தார். ஹாஜியார்கள் தலைகீழானார்கள். அஸீம் இன்னும் கிட்ட வந்தான்.

"இவர் உங்களுக்கு என்ன முறை?" என்றாள் அசனா.

"அது... தூரத்துச் சொந்தம்."

அசனா வட்டிலப்பத் தட்டை மெல்லக் கீழே வைத்தாள்.

"தூரமோ? உங்களைப் பற்றி விசாரிச்சுப்போட்டு, இந்தச் சம்பந்தம் வேணாமெண்டுதான் இருந்தனாங்க. எங்கட ஊரே மதிக்கிற அஸீம் காக்காட சொந்த அண்ணன்ட பிள்ளை எண்டு சொன்னாங்க. அதுக்காகத்தான் கிண்ணியாப் பாலம் தாண்டி வந்தனாங்க."