நத்தை வழக்கு

கிட்ட வாருங்கள், என் தங்கங்களே. காலை நீட்டி வசதியாக உட்காருங்கள். இன்றைக்கு ஒரு நத்தை வழக்கைச் சொல்லப்போகிறேன். சிரிப்பு வருகிற இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் ஆரம்பிப்பேன்.

ஆராய்ச்சி மாணவர் ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மாணவர் என்றதும் மீசை அரும்பிய பையனை நினைத்துக்கொள்ளாதீர்கள். முன்மண்டை காலியாகி வருகிற ஆள். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, நத்தை படிக்கிறேன் என்று பல்கலைக்கழகத்துக்குப் போனவர்.

நேற்றுப் படித்த கட்டுரையை இன்று காணோம். கம்ப்யூட்டரில் ‘நத்தை’ என்று ஒன்று இருந்தது. ‘நத்தை புதுசு’, ‘நத்தை ரொம்ப முக்கியம்’, ‘இதைத் தொடாதே’ எல்லாம் இருந்தன. தேடியது மட்டும் இல்லை.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மனைவி பின்னால் நின்று பார்த்தாள்.

“நான் கடையில இப்படி அடுக்கி வெச்சா, தலைவலின்னு வந்தவருக்குப் பேதி மாத்திரை போயிடும்ங்க” என்றாள்.

அவளுக்குச் சிரிப்பு பாதி, பயம் பாதி. வெயில் காலத்தில் சுவர் இடுக்கில் ஒளியும் நத்தை, மேய்ந்துவிட்டு அதே இடுக்குக்குத் திரும்பி வருமா வராதா? இதைப் பற்றி உலகத்தில் யார் யார் என்ன எழுதினார்கள், யார் யாரை மறுத்தார்கள் என்று எல்லாவற்றையும் படித்துத் தொகுத்து அவர் ஓர் அத்தியாயம் எழுத வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த முறையும் ஆய்வுக்குழு ஒப்புக்கொள்ளாவிட்டால் ஆராய்ச்சிப் பதிவே ரத்து. வேலையும் போய், படிப்பும் போய், வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

மனைவி சொன்னபடி, கட்டுரைகளை அடுக்கி வைக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டார். அது ஒரு மூச்சில் எல்லாவற்றையும் எழுதியவர் பெயர்படி பிரித்து, கதவில் ஒரு பெயரையும் ஒரு முதலெழுத்தையும் மட்டும் ஒட்டி, ஆளுக்கு ஓர் அறை கொடுத்து உட்கார வைத்துவிட்டது. மனிதர் மகிழ்ந்து போனார். அந்த மகிழ்ச்சிதான் வினை.

ஏனென்றால், ஒரே ஒரு கட்டுரையோடு இரண்டு அறைகள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. முன்னே எழுதியவரை முதலாமவர் என்போம். நாற்பது வருஷத்துக்கு முந்தைய கட்டுரை. நத்தை ஓட்டில் சாயப் பொட்டு வைத்து, நாள்தோறும் சுவரோரம் காத்திருந்து, நத்தைகள் அதே இடுக்குக்குத்தான் திரும்புகின்றன என்று அவர் எழுதியிருந்தார். எழுத்திலேயே ஒரு சந்தோஷம் தெரிந்தது.

சில வருஷம் கழித்து இரண்டாமவர் வருகிறார். அது ஒன்றுமில்லை, நத்தைகள் தங்கள் சாய வாசனைக்குத்தான் திரும்பியிருக்கின்றன, வேறு அடையாளம் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் திரும்பவில்லை, முந்தைய ஆய்வாளர் அவசரப்பட்டார், கவனக்குறைவு, அறிவியலில் ஆசைக்கு இடமில்லை என்று வெளுத்து வாங்கியிருந்தார். அதற்கப்புறம் முதலாமவர் ஒரு வரி எழுதவில்லை.

நம்மவருக்கு நெஞ்சு கொதித்தது. முதலாமவரை அவர் மனக்கண்ணிலேயே பார்த்துவிட்டார்: ஒல்லியாக, கூச்சமாக, தேய்ந்த செருப்போடு, ஏறக்குறைய தன்னைப் போலவே ஓர் ஆள். அந்த அப்பாவியை ஒரே கட்டுரையில் முடித்துவிட்டார்கள்.

போதாக்குறைக்கு, இரண்டாமவர் சொன்னதுதான் தப்பு. அண்மையில் வேறு ஆய்வாளர்கள் சாயமே இல்லாமல், ஓட்டில் மெல்லிய கீறல் போட்டுப் பார்த்திருந்தார்கள். வறண்ட நாளில் நத்தை திரும்புகிறது. மழை நாளில், எங்கும் ஈரம் இருப்பதால், திரும்புவதில்லை. இரண்டாமவர் சோதித்ததோ நல்ல மழைக்காலத்தில். அவருக்கு அது தோன்றவே இல்லை.

அத்தியாயம் தானாக எழுதிக்கொண்டு ஓடியது. நத்தை கொஞ்சம், அநியாயம் நிறைய.

வழிகாட்டிப் பேராசிரியர் படித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை காலமும் தூக்கம் வந்த அத்தியாயம் இப்போதுதான் விழித்திருக்கிறது என்றார். ஆனால் ஆதாரம் வேண்டும் என்றார்.

ஆதாரம் தேடிப் போனதில் விஷயம் இன்னும் முற்றியது. கட்டுரைகளின் கடைசியில் இருந்த நன்றியுரைகளைப் பார்த்தார். இருவரும் ஒரே கல்லூரி. ஒரே தோட்டக்காரருக்கு நன்றி. வரைபடங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அதே சுவர்.

“சுவரைக்கூட விட்டு வைக்கல” என்று மனைவியிடம் பொருமினார். “அந்த மனுஷன் காத்துக்கிடந்த சுவரையே பிடுங்கிக்கிட்டாங்க.”

“அப்புறம் அந்த ரெண்டாவது ஆளு நிறைய எழுதினாரா?”

“அது ஒண்ணுதான். கழுத்தறுக்க ஒரு கத்தி போதாதா?”

இதையும் அத்தியாயத்தில் சேர்த்தார், கொஞ்சம் நாகரிகமான சொற்களில்.

அந்தக் கல்லூரி நூலகருக்கு எழுதி விசாரித்தார். முதலாமவர் போன இடம் தெரியவில்லை என்று பதில் வந்தது. இரண்டாமவர் ஒரு அம்மா, பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், உயிரோடுதான் இருக்கிறார் என்று மின்னஞ்சல் முகவரியும் வந்தது. அதைப் பெருமையாகப் பேராசிரியரிடம் காட்டினார். காட்டாமல் இருந்திருக்கலாம்.

“சண்டைன்னா ரெண்டு பக்கமும் கேட்கணும்ப்பா” என்றார் பேராசிரியர். “அந்த அம்மாகிட்ட பதில் வாங்கிட்டு வா. அது இல்லாம குழு ஒத்துக்காது.”

அந்தப் பகுதியையே எடுத்துவிடட்டுமா என்று நம்மவர் மெல்லக் கேட்டார். அதைப் பற்றித்தான் குழுவில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், எடுத்தால் என்ன மிச்சம் இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார் பேராசிரியர்.

வீட்டில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகச் சொல்ல, அத்தியாயத்தைப் பணிவாகத் திருத்தி எழுதினார். ‘கழுத்து’, ‘பறிப்பு’ எல்லாம் போயின. பத்திரமாக அந்த அம்மாவுக்கு அனுப்பியும் விட்டார். அனுப்பிய பிறகுதான் பார்த்தார். கட்டுரைகளை அடுக்கிய மென்பொருள் அவர் சொந்தமாக எழுதியதை அடுக்கவில்லை. ‘கடைசி’, ‘மெய்யான கடைசி’, ‘இதுதான் கடைசி’ என்று கிடந்ததில், கழுத்தும் பறிப்பும் உள்ளதுதான் போயிருந்தது.

பதறிப்போய், மனைவி வருவதற்குள் இன்னொரு மின்னஞ்சல் தட்டினார்: ‘அம்மா, முன்பு அனுப்பியதைத் தயவுசெய்து படிக்க வேண்டாம். அது உங்களைப் பற்றி நான் மனதில் நினைப்பது. இத்துடன் மரியாதையாக எழுதியதை இணைத்துள்ளேன்.’

மனைவி அதைப் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

“இதுக்கு முதல்ல அனுப்பினதே தேவலாம்” என்றாள்.

நாட்கள் போயின. குழு கூடும் வாரமும் வந்துவிட்டது. பழைய வேலையில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்று அவர் விசாரிக்கவும் தொடங்கிவிட்டார். அப்போதுதான் தொலைபேசி வந்தது. அந்த அம்மாவின் மகள். அம்மா நேரில் பார்க்க வேண்டும் என்கிறார்கள், வர முடியுமா என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் நம்மவரை இன்னும் பயமுறுத்தியது.

தனியாகப் போக மாட்டேன் என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார்.

சின்ன வீடு. ஜன்னலோரம் நாற்காலி. முட்டி வீங்கிய கால்களை முக்காலியில் வைத்து அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் அத்தியாயம், பெரிய எழுத்தில் அச்சடித்தது. மூலைகள் மடங்கி, பலமுறை புரட்டிய தாள்கள். மரியாதையாக எழுதியது அல்ல, மற்றது.

நம்மவர் மன்னிப்பை ஆரம்பித்தார். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

“அந்தக் கீறல் போட்டுப் பார்த்தவங்க, எத்தனை பருவம் பார்த்தாங்க?”

சொன்னார்.

“வறண்ட நாள்ல எல்லாம் திரும்புதா?”

“பெரும்பாலும் திரும்புதும்மா.”

“அதே இடுக்குக்கு?”

“அதே இடுக்குக்குத்தான்.”

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினார். அந்த வருஷம் நல்ல மழைதான் என்றார். சுவர் முழுக்கப் பாசி பிடித்திருந்தது என்றார். இவ்வளவு நாள் அது உறைக்கவே இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவர் அழுதிருந்தால் நம்மவர் அடங்கியிருப்பார். அழவில்லை. அதனால் தைரியம் வந்துவிட்டது. மனைவி தொடையில் கிள்ளியதையும் பொருட்படுத்தாமல் கேட்டுவிட்டார்.

“அந்த ஆய்வாளரைப் பத்தி அப்புறம் எப்பவாவது நினைச்சீங்களாம்மா?”

“நினைக்காத நாளே இல்லப்பா. கொஞ்சம் பொறுமையா சொல்லியிருக்கலாம். ஆசைப்பட்டது ஒரு குத்தமா?” அந்த அம்மா தாளின் மடங்கிய மூலையை நீவினார். “அதுக்கப்புறம் எனக்கு நத்தையைத் தொடவே மனசு வரல. பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போயிட்டேன்.”

நல்லா வேணும் என்று நினைத்தார் நம்மவர். ஆமாம் தங்கங்களே, நினைத்தார். மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்த அம்மா பேனா கேட்டு வாங்கி எழுதிக் கொடுத்தார்: முதல் ஆய்வே சரி, மறுத்தது தவறு, அவசரப்பட்டது நான். கீழே கையெழுத்து. கிளம்பும்போது நம்மவர் கையைப் பிடித்துக்கொண்டு, முதல் கட்டுரையைப் பற்றி எழுதிய பக்கத்தை மட்டும் எப்போதும் எடுத்துவிடாதே என்றார். அதைச் சொல்லும்போது முகம் சின்னப் பெண் முகமாக இருந்தது.

குழு ஒப்புக்கொள்ளும், பதிவு பிழைத்தது, மனைவியின் உழைப்பு வீண்போகவில்லை. நம்மவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படி இறங்கினார். வாசல்வரை வந்த மகளிடம், நியாயம் இன்னும் பாதிதான் கிடைத்திருக்கிறது என்பதுபோல் கேட்டார்: இந்த மன்னிப்பை அந்த முதல் ஆய்வாளர் கையில் கொடுக்க வேண்டும், அவர் இப்போது எங்கே என்று அம்மாவுக்குத் தெரியுமா?

மகள் ஒரு முறை உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு, கதவை மெல்லச் சாத்தினாள்.

“கல்யாணத்துக்கு முன்னாடி எழுதின முதல் கட்டுரையில இருக்கிறது எங்க தாத்தா பேரு சார், அப்புறம் எழுதின ரெண்டாவதுல எங்க அப்பா பேரு, ரெண்டுலயும் எங்க அம்மா பேரு அந்த ஒரே ஒரு எழுத்துதான்.”

உங்கள் வீட்டில் பிறந்த பெண்ணும், உங்கள் வீட்டுக்கு வந்த பெண்ணும், தங்கள் முழுப் பேரோடு நெடுநாள் நிறைவாக இருக்கட்டும், என் தங்கங்களே.