கடைசி நிமிடத்தில் கை நடுங்குகிறவள் யார்?

மதிப்புக்குரிய விளையாட்டுப் பக்க ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலம் என்பது தங்கள் கட்டுரையின் துள்ளலிலேயே தெரிகிறது. நாங்கள் நலமாக இல்லை. அதற்கும் அதே கட்டுரைதான் காரணம்.

நீங்கள் கண்டுபிடித்து எழுதுவதற்குள் நானே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வாரக் கூடைப்பந்து அரையிறுதியில் எதிரணி போட்ட பந்துக்கு எழுந்து நின்று விசிலடித்த ஆள் நான்தான். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த அம்மாள், "அண்ணே, நீங்க எந்த டீமுக்கு அப்பா?" என்று கேட்டார். லிஃப்ட் மெக்கானிக் பிழைப்பு சார் என்னுடையது. எப்போதும் யாராவது இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருப்பார்கள், அவர்களை இறக்கிவிட்டு நான் ஓடி வருவதற்குள் ஆட்டம் முடியும் நேரமாகிவிடும். அன்றுதான் முதல் தடவையாக ஆரம்பத்திலிருந்தே உட்கார்ந்தேன், மானம் போயிற்று. ஆகவே ஆட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கடைசி இரண்டு நிமிடத்தைப் பற்றி என்னிடம் யாரும் வாய் திறக்க முடியாது. அதுவரை நான் பார்த்ததெல்லாம் அதை மட்டும்தான்.

"இறுதி நொடியின் ராணி யார்?" என்று தலைப்புப் போட்டு, ஒரே அணியில் ஆடும் நெட்டையையும் என் மகள் பொடிசையும் தராசில் ஏற்றினீர்கள். ஆட்டம் யாருக்கு என்று தீர்மானமாகும் நேரத்தில் நெட்டை மூன்று முறை எறிந்து இரண்டு விழுந்ததாம். பொடிசு பத்து முறை எறிந்து மூன்றுதான் விழுந்ததாம். ஆகவே அவள் இரும்பு, இவளுக்குக் கை நடுங்குகிறதாம். ஆகா, என்ன மூளை! எட்டாம் வகுப்பில் கணக்கில் இரண்டு வருடம் தங்கியவன் நான், எனக்கே இந்தக் கணக்கு வருமே. இதன்படி வருடத்துக்கு மூன்று லிஃப்டைத் தொட்டு இரண்டை ஓடவைக்கும் என் சூப்பர்வைசர்தான் உலகத்திலேயே பெரிய மெக்கானிக். அந்த மூன்றிலும் பட்டனைத் துடைத்தாலே போதும் என்பதை உங்களுக்கு யார் சொல்வது? என் மகள் எறிந்த அந்தப் பத்துத் தடவையும் உங்கள் இரும்பு எங்கே இருந்தது என்று ஒரு வரி எழுதினீர்களா? எங்கேயாவது ஓரமாக ஒளிந்திருக்கும்! எறியாதவளுக்குத் தவறுமா சார்? நான்கூடத்தான் இன்றுவரை ஒரு பந்தும் தவறவிட்டதில்லை, எனக்கும் ஒரு கிரீடம் அனுப்புங்கள்.

நீங்கள் பாட்டுக்கு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து எழுதிவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்குத் தேசிய அணித் தேர்வாளர்கள் வருகிறார்கள்; இந்த இருவரில் ஒருத்திக்குத்தான் இடம். உங்கள் பக்கத்தைப் படித்த நாளிலிருந்து என் பெண் பந்தைத் தொடவில்லை. "கை நடுங்குதாம்ல, தட்டை நீங்களே கழுவுங்க" என்று அவள் அம்மாவிடம் சொல்கிறாள். பேசுவதும் அவ்வளவுதான். மறுப்பு வெளியிடுங்கள், கொட்டை எழுத்தில்.

தங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் என் வணக்கம். தங்கள் அலுவலக லிஃப்ட் என்றும் நிற்காமல் ஓட வாழ்த்துகிறேன். நின்றால் என் சூப்பர்வைசரைக் கூப்பிடவும்.

இப்படிக்கு,
பொடிசின் அப்பா

பி.கு.: மேலே உள்ள எதையும் வெளியிட வேண்டாம். தபால்தலை ஒட்டிவிட்டேன், வீணாக்க மனமில்லாமல் அனுப்புகிறேன். உறையை ஒட்டப் பசை கேட்டபோது பொடிசு இதை வாங்கிப் படித்துவிட்டாள்.

"அப்பா, அவ ஒளியல. ஆளில்லாத இடத்துல கையத் தூக்கிட்டுத்தான் நின்னா. பத்துத் தடவையும். நான்தான் பந்தைக் குடுக்கல."

"ஏம்மா?"

"அந்த நேரம் பாத்துத்தான நீங்க உள்ள வருவீங்க? மூச்சு வாங்கிக்கிட்டு 'நீயே போடு, நீயே போடு'ன்னு கத்துவீங்க. எப்படிப்பா குடுக்கறது?"

கையிலிருந்த உறையைக் கீழே வைத்தேன்.

"அவர் எழுதினது சரிதான்பா. கை நடுங்கத்தான் செஞ்சுது. ஞாயித்துக்கிழமை கடைசில பந்து வந்தா நெட்டைக்குத்தான் குடுப்பேன். நீங்க கம்முனு உக்காந்திருக்கணும்."

"சரிம்மா" என்றேன். பந்தோடு சேர்ந்து தேசிய அணி இடமும் நெட்டைக்கே போய்விடுமே என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.