ஒரு கடிதம் குறைகிறது

"ஒன்னு குறையுது சார்" என்று சொல்லாமல் இருந்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்கிற வித்தையை மட்டும் எந்தக் கல்லூரியிலும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

பழைய மின்னஞ்சல் சர்வரில் இருந்த கடிதங்கள் இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூற்று ஆறு. புதிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தவை அதில் ஒன்று குறைவு. வேறு அலுவலகமாக இருந்தால் கை தட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். இது அருங்காட்சியகம். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லா அலமாரியையும் திறந்து, உடைந்த பானை ஓடு வரைக்கும் எண்ணிக் கையெழுத்துப் போடுகிற ஜென்மங்கள்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "எது குறையுது?"

"அது தெரிஞ்சா குறையாதே சார்."

"ஏம்மா, இங்க ஒரு அம்பு முனை காணோம்னா மூணு மாசம் தேடுவோம். லெட்டர்னா மட்டும் விட்டுடுவோமா? உன் பர்மனென்ட் ஆர்டர் டைப் அடிச்சு என் மேசையிலதான் இருக்கு. கணக்கு சரியாகட்டும், கையெழுத்துப் போடுறேன்."

இரண்டு வருஷமாகத் தற்காலிகம். அந்தக் கையெழுத்துக்காகத்தான் அவள் இவ்வளவு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அங்கே கணினி தெரிந்த ஒரே ஆள் அவள். ஆனால் அவளுக்கு அங்கே வழங்கிய பெயர் 'ஒயர் மேடம்'. ஒயர் உள்ள எது கெட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். திமிங்கல எலும்புக்கூட்டைத் தொங்கவிட்ட கம்பி தளர்ந்தபோதும் கூப்பிட்டார்கள். போனாள். அதுதான் அவளிடம் உள்ள கோளாறு. திட்டுவாள், திட்டிக்கொண்டே போவாள்.

சர்வரை மாற்றலாம் என்று ஆரம்பித்ததும் அவள்தான். அடித்தளத்தில், பஞ்சு அடைத்த முதலைக்குப் பக்கத்தில், பதினோரு வருஷமாக முனகிக்கொண்டிருந்த பெட்டி அது. மழை பெய்தால் அதற்குக் குடை பிடிக்க வேண்டும். வெளியே ஒரு கம்பெனி நம் கடிதங்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும், நமக்குக் குடை பிடிக்கிற வேலை மிச்சம் என்று கூட்டம் போட்டு விளக்கினாள்.

பூச்சிப் பிரிவுக் காப்பாளர் கை தூக்கினார். "நம்ம லெட்டர் எல்லாம் அப்போ எங்கம்மா இருக்கும்?"

"அவங்க கட்டடத்துல மேடம்."

"அங்க கரையான் உண்டா?"

இந்த ஜனங்களுக்காகத்தான் அவள் அந்த ஒற்றைக் கடிதத்தைத் தேடி மறுபடியும் அடித்தளத்துக்கு இறங்கினாள்.

மாலைக்குள் கண்டுபிடித்தாள். குறைந்தது கடிதமே அல்ல. 'தேங்கியவை' என்று ஒரு பெட்டி. பழைய சர்வர் அந்தப் பெட்டியையே ஒரு கடிதம் என்று எண்ணியிருந்தது. திறந்தாள். உள்ளே மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள்.

அருங்காட்சியகக்காரர்களுக்கு எதையும் சிறியதாகப் படம் எடுக்கத் தெரியாது. ஒரு பொத்தானைப் படம் எடுத்தாலும் சுவர் அளவுக்கு எடுத்துக் கடிதத்தோடு இணைப்பார்கள். கனம் தாங்காத கடிதத்தை எல்லாம் சர்வர் அனுப்பாமல் இந்தப் பெட்டியில் போட்டுவிட்டு, யாரிடமும் மூச்சு விடாமல் இருந்திருக்கிறது. ஒன்பது வருஷமாக.

இங்கேயாவது அவள் சும்மா இருந்திருக்கலாம். இயக்குநரிடம் போய்ச் சொன்னாள்.

"இங்க எதையும் தூக்கிப் போடுற பழக்கம் இல்லம்மா" என்றார் அவர். "முழுசா எடுத்துட்டுப் போ."

எடுத்துப் போனாள். புதிய இடமும் அந்தப் பெட்டியை ஒரு கடிதமாகவே எண்ணியது, எண்ணிக்கை சரியாக வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சு முடிவதற்குள் புதிய கம்பெனி மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டையும் அனுப்பி முடித்திருந்தது, அன்றைய தேதி போட்டு.

"யாரு அனுப்பச் சொன்னது?" என்று போனில் கத்தினாள்.

"அனுப்ப வேண்டியதுன்னு இருந்துச்சு மேடம், அனுப்பிட்டோம்" என்றது கம்பெனியின் இனிமையான குரல். "எங்க சர்வீஸ் ரொம்ப வேகம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"இதுக்கு மேல ஒரு உதவியா?"

மறுநாள் காலையில் முதல் அடி விழுந்தது. நாணயப் பிரிவுக் காப்பாளர் அவள் மேசை முன்னால் வந்து நின்றார். அவரும் பூச்சிப் பிரிவுக் காப்பாளரும் கணவன் மனைவி. கல்யாணமாகி ஐந்து வருஷம்.

"ஒயர் மேடம், இதைக் கொஞ்சம் படிங்க."

பூச்சிப் பிரிவிலிருந்து நிர்வாகத்துக்குப் புகார், நகல் அவருக்கு. 'என் மேசை விளக்கை நாணயப் பிரிவுக்காரர் தூக்கிச் சென்றுவிட்டார். அவர் முகத்தைப் பார்ப்பதற்குக் கரப்பான் பூச்சியைப் பார்க்கலாம்.' ஆதாரமாக அவர் முகமும் கரப்பானும் பக்கத்துப் பக்கத்தில், சுவர் அளவுப் படத்தில்.

"சார், இது ஏழு வருஷப் பழசு. அப்ப உங்களுக்குக் கல்யாணமே ஆகல."

"தேதி நேத்து போட்டிருக்கே? முந்தாநாள்தான் வீட்ல சண்டை."

"மேடத்தைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். 'எழுதினது எப்பவா இருந்தா என்ன, உண்மைதானே'ங்குறா."

அவரைத் தேற்றி அனுப்புவதற்குள் போன்கள் அலற ஆரம்பித்தன. நான்கு வருஷத்துக்கு முன்னால் நடந்து முடிந்த சங்குக் கண்காட்சிக்கு அழைப்பு வந்ததாக ஒருவர் நன்றி சொன்னார். இன்னொருவர் பூச்செண்டு வாங்கிவிட்டதாகச் சொன்னார்.

சும்மா கிடந்த சங்கை ஊதியாயிற்று, இனி இன்னும் பலமாக ஊதித்தான் சமாளிக்க வேண்டும் என்று முடிவெடுத்தாள். முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரு கடிதம்: 'கடந்த மூன்று நாட்களில் எங்களிடமிருந்து வந்த எதையும் பொருட்படுத்த வேண்டாம்.'

அரை மணியில் இயக்குநர் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை வண்டுக் கண்காட்சி திறப்பு. தலைமை விருந்தினருக்கு முந்தாநாள் அழைப்பு அனுப்பினேன். பொருட்படுத்தலைன்னு இப்ப பதில் போட்டிருக்கார்."

"சரி பண்ணிடுறேன் சார்."

"நீ சரி பண்ணப் பண்ணத்தாம்மா எனக்கு பயமா இருக்கு."

சரி பண்ணினாள். எல்லோருக்கும் மறுபடியும் ஒரு கடிதம்: 'எங்கள் முந்தைய வேண்டுகோளையும் பொருட்படுத்த வேண்டாம். வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அனைவரும் அவசியம் வரவும்.' அனுப்பிய பிறகுதான் 'அனைவரும்' என்ற சொல்லை நின்று பார்த்தாள்.

அன்று மத்தியானம் அம்மா போன் பண்ணினாள்.

"என்னடி, கையெழுத்து ஆச்சா? கீழ் வீட்டு அக்கா டெய்லி கேக்குறா."

"ஆகும்மா. கொஞ்சம் வேலை இழுத்துடுச்சு."

"யாரையாச்சும் பெரிய மனுஷங்களைப் பிடிச்சுச் சொல்லச் சொல்லட்டா?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் என்ன சிபாரிசுலயா வந்தேன்? இருநூறு பேர் எழுதின பரீட்சை. எவன் தயவும் இல்லாம மொத ஆளா வந்து உட்கார்ந்திருக்கேன். என் தகுதிக்கு அவங்கதான் என்னைக் கெஞ்சணும்."

"சரிடி, எங்கிட்ட ஏன் கத்துற? சாப்பிட்டியா?"

சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை வழக்கமாக எந்தத் திறப்பு விழாவுக்கும் வருகிற ஒன்பது பேருக்காக ஒன்பது நாற்காலி போட்டிருந்தார்கள். பத்தரைக்கு வாசலில் முந்நூறு பேர். ஒன்பது வருஷக் கண்காட்சிகளுக்கும் ஒரே நாளில் கூட்டம் வந்திருந்தது. பாதிப் பேர் சங்கு எங்கே என்றார்கள். ஒரு கிழவர் தள்ளுவண்டியில் பாடம் செய்த சிறுத்தை ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"வால் தைக்கக் குடுத்தீங்களே. திருப்பிக் குடுங்கன்னு இப்பதான் லெட்டர் போட்டிருக்கீங்க" என்றார். "ஏழு வருஷமா எங்க ஹால்ல நிக்குது. விளக்குப் போடாம வந்து என் மருமக ரெண்டு தடவை மயங்கி விழுந்துட்டா."

அவள் சிறுத்தைக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். வேலை போயிற்று என்று நிச்சயமாகத் தெரிந்தது. கீழ் வீட்டு அக்காவுக்கு என்ன பதில் என்று மட்டும்தான் இன்னும் யோசிக்கவில்லை.

ஆனால் இயக்குநர் அழுதுகொண்டிருந்தார். சந்தோஷத்தில். முப்பது வருஷப் பணியில் இந்த மண்டபம் நிறைந்து அவர் பார்த்ததில்லை. தலைமை விருந்தினர் வண்டுகளை விட்டுவிட்டுச் சிறுத்தையோடு படம் எடுத்துக்கொண்டார். காணாமல் போனவை என்று எழுதி மூடிய பதிவேட்டில் சிறுத்தையின் பெயரை அடித்துவிட்டு நாணயக்காரரும் பூச்சிக்காரரும் சேர்ந்து கையெழுத்திட்டார்கள். அவர்கள் சில நாட்களுக்குப் பிறகு பேசிக்கொண்டது அப்போதுதான்.

கூட்டம் கலைந்ததும் அவளைத் தன் அறைக்குக் கூட்டிப்போய், முதல் தடவையாக உட்காரச் சொன்னார் இயக்குநர்.

"ஒன்பது வருஷமா நாம கூப்பிட்டும் யாரும் வரலன்னு நினைச்சிட்டிருந்தேன். கூப்பிட்டதே போய்ச் சேரல. ஒரு லெட்டரைக்கூட விடாம சேர்த்துட்டியேம்மா. உன்ன மாதிரி ஆள் இந்த வேலைக்குக் கிடைக்க நாங்க குடுத்து வெச்சிருக்கணும்."

அவள் அடக்கமாக இருக்க முயன்றாள். வரவில்லை. "என் கடமை சார். எல்லாம் தகுதிதான்" என்றாள்.

அவர் ஆர்டரை எடுத்து முன்னால் வைத்து, பேனா மூடியைத் திறந்தார். கதவு தட்டப்பட்டது. வாட்ச்மேன் தலையை நீட்டினார்.

"சார், ஒரு அம்மா பெட்டி படுக்கையோட வந்து நிக்கிறாங்க. கம்ப்யூட்டர் வேலைக்கு மொத ஆளா அவங்களைத்தான் எடுத்திருக்குன்னு, சுவர் அளவு மியூசியம் படத்தோட நம்ம ஆபீஸ் லெட்டர் இந்த வாரம்தான் கிடைச்சுதாம். 'பரீட்சை எழுதி ரெண்டு வருஷம் ஆச்சே, பதில் வரலன்னு அடுத்த ஆளை எடுத்துட்டீங்களா'ன்னு கேக்குறாங்க, என்ன சொல்லட்டும்?"