தங்கையின் கர்னலைக் கவிழ்க்கப் போன நாள்

நான் பொறாமைக்காரன். வேறு யார் மீதும் அல்ல, கூடப் பிறந்த தங்கை மாலா மீதுதான்.

ஜொகூர் பாருவில் கணினி படித்தபோது ஒரு பாடத்தில் தோற்றேன். மறுபடி எடுத்தபோது, என்னைவிட ஒரு வயது இளையவளான மாலா அதே வகுப்பில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஒரே மாதத்தில் விரிவுரையாளர் ராஜி மேடத்துக்கு என் பெயர் 'மாலாவோட அண்ணன்' ஆகிவிட்டது.

அந்தப் பருவத்தின் வேலை, ஒரு சின்ன கர்னலில், அதாவது கணினியை உள்ளிருந்து ஆளும் மையப் புரோகிராமில், புதிய சிஸ்டம் கால் சேர்ப்பது. சாதாரண புரோகிராம் எதுவும் கணினியை நேரடியாகத் தொட முடியாது. கர்னலிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அப்படிக் கேட்பதுதான் சிஸ்டம் கால். 'பதிலை இங்கே எழுது' என்று புரோகிராம் ஒரு முகவரியும் கொடுக்கும். அந்த இடம் அதற்குச் சொந்தமானதுதானா என்று பார்த்துவிட்டே கர்னல் எழுத வேண்டும்.

நான் இரண்டே நாளில் முடித்தேன். மாலாவுக்கு இரண்டு வாரம் ஆனது. ஆனாலும் மேடம் அவளுடையதைத்தான் வகுப்பில் காட்டினார். சிறந்த கர்னலுக்குச் சிங்கப்பூரில் பயிற்சி வேலை என்றும் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

அவள் கர்னலைக் கவிழ்க்க உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினேன். அது கர்னலின் சொந்த இடத்தையே முகவரியாகக் கொடுக்கும். கர்னல் ஏமாந்தால் தன் தலையிலேயே எழுதிக்கொண்டு சாகும். (நல்லதற்கு இவ்வளவு உழைத்திருந்தால் முதல் தடவையே தேறியிருப்பேன்.)

எல்லோருடைய கர்னலையும் காட்டும் கண்காட்சி நாளில், எங்கள் ஊரான லாபிஸிலிருந்து அம்மாவும் வந்திருந்தார். "யாராச்சும் மாலா கர்னல டெஸ்ட் பண்றீங்களா?" என்று மேடம் கேட்டதும், நான் பென்டிரைவோடு எழுந்தேன்.

ஓடவிட்டேன். 'தவறான முகவரி' என்று ஒரே வரி வந்தது. மாலாவின் கர்னல் அசையாமல் அடுத்த வேலையைப் பார்த்தது.

"நல்ல டெஸ்ட் லா," என்றார் மேடம். "அதையே உங்க கர்னல்ல ஓட்டுங்க."

அந்த நிமிடம்தான் நினைவு வந்தது, என் கர்னல் எந்த முகவரியையும் சரிபார்ப்பதில்லை. இரண்டே நாளில் முடித்த ரகசியம் அதுதான்.

"பரவால்ல மேடம், நேரமாச்சு," என்றேன்.

"ஓட்டுண்ணே," என்றாள் மாலா, மிகுந்த பாசத்தோடு.

ஓட்டினேன். திரை உறைந்தது. கர்னல் செத்தால் வரும் 'கர்னல் பேனிக்' என்ற வரி மட்டும் அதில் நின்றது.

"என்னாடா ஆச்சு?" என்றார் அம்மா.

"கர்னல் பேனிக்மா," என்றாள் மாலா.

"யாருக்கு பேனிக்?"

"அண்ணனுக்கு."

சிங்கப்பூருக்கு மாலா போனாள். இன்றும் அங்கேதான் வேலை. தீபாவளிக்கு யார் வந்தாலும் அம்மா இந்தக் கதையை எடுத்துவிடுவார்: "தங்கச்சி வீட்ட இடிக்க இவன் குண்டு செஞ்சான். அது அங்க வெடிக்கல. மேடம் சொன்னாங்கன்னு இவன் தன் வீட்டுலயே வெடிச்சுப் பாத்தான்."

கர்னல் என்றால் என்னவென்றே அம்மாவுக்குத் தெரியாது. அவர் சொல்வதில் எங்கேயாவது ஒரு தப்பைப் பிடித்துவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் கவனமாகக் கேட்கிறேன். இதுவரை கிடைக்கவில்லை.